சோனாப்பூர் குசினி

சோனாப்பூர் தொழிலாளர் விடுதியில் என் வேலை கட்டில்களுக்குக் கணக்கு வைப்பது. எந்த அறையில் எத்தனை பேர், யார் விடுமுறையில் ஊருக்குப் போயிருக்கிறார், யார் புதிதாக வந்து இறங்கியிருக்கிறார், எந்த அறையின் ஏசி ஒழுகுகிறது, எந்தக் கட்டிலில் மூட்டைப்பூச்சி ஏறியிருக்கிறது என்று கொப்பியில் எழுதி, 'காம்ப் பொஸ்' என்று எல்லோரும் அழைக்கும் மேற்பார்வையாளரிடம் பின்னேரம் கொடுக்க வேண்டும். 2014 இல் வவுனியா நெளுக்குளத்திலிருந்து நான் புறப்பட்டபோது கொழும்பில் சொல்லப்பட்ட வேலை வேறு. போய் இறங்கிய பிறகு கிடைத்தது இது. ஆனால் இந்த வேலைதான் விடுதியின் அத்தனை கதவுகளையும் எனக்குத் திறந்துவிட்டது. கட்டிட வேலைக்குப் போகிறவருக்குத் தன் அறைக்காரரையும் தன்னோடு வேலை செய்பவரையும்தான் தெரியும். எனக்கோ எல்லா அறைகளுக்கும் போகக் கிடைத்தது. எல்லோருடனும் கதைக்கக் கிடைத்தது.

டுபாய் நகரின் கிழக்கோரம், சார்ஜா எல்லைக்குக் கிட்ட இருக்கிறது அந்த இடம். அரசாங்கப் பதிவில் அதற்கு முஹைஸ்னா என்று பெயர். பஸ்காரரும் கடைக்காரரும் தொழிலாளரும் சோனாப்பூர் என்றுதான் சொல்வார்கள். மாடிக் கட்டிடங்கள், ஒவ்வொரு மாடியிலும் நீண்ட நடை, நடையின் இரு பக்கமும் அறைகள், அறைகளுக்குள் இரட்டைத்தட்டுக் கட்டில்கள். ஓர் ஆளுக்குக் குறைந்தது 3 சதுர மீற்றர் இடம் இருக்க வேண்டும் என்பது அந்த நாட்டு விதி. அந்த இடத்துக்குள் தன் கட்டிலையும், தலைமாட்டில் சாமிப்படத்தையும், கால்மாட்டில் சூட்கேசையும், மறைப்புக்குக் கட்டிய சாரத்தையும் ஒருவர் அடக்கிக்கொள்ள வேண்டும்.

விடுதியில் பெயர் சொல்லி அழைப்பது குறைவு. ஊர்தான் ஆளின் பெயர். மலப்புரத்துச் சேட்டன், பெஷாவர் பாய், இராமநாதபுரத்துத் தம்பி, முல்லைத்தீவு அண்ணை. என்னை எல்லோரும் 'வவுனியா' என்றார்கள். வடக்கே போகிற பஸ்ஸும் ரயிலும் நின்று போகிற ஒரு சந்தி நகரத்தின் பெயரைப் பெஷாவர்க்காரர் வாயால் தினமும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

எங்கள் விடுதியின் இதயம் அறைகளில் இருக்கவில்லை; கீழ்த்தளத்துக் குசினியில் இருந்தது. சுவர் நெடுக வரிசையாக எரிவாயு அடுப்புகள். அறைக்கு இரண்டு என்று பங்கு. விடிய மூன்று மணிக்கே வரிசை தொடங்கிவிடும். காலைச் சாப்பாட்டையும் மதியச் சாப்பாட்டையும் அந்த நேரத்தில் சமைத்து, ரிபன் கரியரில் அடைத்து, கம்பனி பஸ் வருவதற்குள் வாசலில் நிற்க வேண்டும். யூன் 15 முதல் செப்ரெம்பர் 15 வரை நண்பகல் 12.30 இலிருந்து 3 மணிவரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று அங்கே சட்டம் இருக்கிறது. அந்த இடைவேளையில், நிழலில் கார்ட்போட் மட்டையை விரித்துக் கரியரைத் திறப்பார்கள். விடிய மூன்று மணிக்கு எதைச் சமைத்தாரோ அதுதான் அன்றைக்கு அவருக்குக் கிடைக்கிற ஒரே ஆறுதல்.

வன்னியிலிருந்து வரும் பெடியங்களுக்கு இந்தக் குசினிதான் முதல் சோதனை. வயலில் நாற்று நடுவார்கள், உழவு மெஷின் ஓட்டுவார்கள், கிணறு வெட்டுவார்கள். சோறு வடிக்கத் தெரியாது. எங்கள் வீடுகளில் ஆம்பிளைப் பிள்ளை அடுப்படிக்கு வருவதே இல்லை. வந்தாலும் "நீ போய் இரு ராசா, நான் போட்டுத் தாறன்" என்று அம்மா அனுப்பிவிடுவா. அந்தப் பிள்ளை டுபாயில் வந்து இறங்கியதும் மாதக் கட்டணத்துக்குச் சாப்பாடு போடும் மெஸ்ஸில் பெயர் கொடுப்பான். மெஸ் சாப்பாடு வயிற்றை நிரப்பும். ஆனால் கறியில் எங்கள் தூள் இருக்காது. வறுத்து இடித்த மிளகாய்த் தூளில், சொதியும் சம்பலுமாக வளர்ந்த நாக்கு ஒரு மாதத்திலேயே சோர்ந்துவிடும். ஆளும் சேர்ந்தே சோர்ந்துபோவான். கட்டிலில் சுருண்டு படுத்துக்கொண்டு ஐமோவில் அம்மாவின் முகத்தைப் பார்த்துக் கதைக்காமல் இருக்கும் பெடியங்களை அறை எண்ணிக்கை எடுக்கும்போது நான் நிறையக் கண்டிருக்கிறேன்.

முல்லைத்தீவு அண்ணை இதை மாற்றினார். நாற்பது தாண்டியவர், கம்பி கட்டும் வேலை. 2009 இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் மனைவி பிள்ளைகளோடு இருந்தவர். லட்சக்கணக்கான சனம் முட்கம்பிக்குள் தண்ணீருக்கும் சோற்றுக்கும் வரிசையில் நின்ற காலம் அது. 2012 செப்ரெம்பரில் அந்த முகாமை மூடினார்கள். அவர் அதற்கு முன்பே ஊர் திரும்பி, வீடு கட்டப் பட்ட கடனோடு டுபாய்க்கு வந்திருந்தார். முகாமைப் பற்றி அவர் அதிகம் கதைப்பதில்லை. ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வார்: "தம்பி, சாப்பாட்டுக்குப் பெடியள் தனித்தனியா அலையக் கூடாது. ஒரு உலை வைப்பம்."

அப்படித்தான் எங்கள் ஒற்றை உலை தொடங்கியது. வன்னி, மன்னார், யாழ்ப்பாணம், மட்டக்களப்பு என்று எந்த அறையில் இருந்தாலும் சேர விரும்பியவர்கள் சேர்ந்தோம். அரிசி, பருப்பு, தேங்காய், மீன், காஸ் எல்லாவற்றுக்கும் மாதத் தொடக்கத்தில் ஆளுக்கு இவ்வளவு என்று காசு. சமையலுக்கு முறை வைத்தோம். தெரியாதவன் முதலில் வெங்காயம் உரிப்பான், பிறகு அரிசி களைவான், பிறகு சோறு வடிப்பான், கடைசியில் கறி. அண்ணை சுண்டால் அரிசி அளக்கும்போது, எங்கள் ஆட்களின் கணக்கு முடிந்த பிறகு எப்போதும் இன்னொரு சுண்டு போடுவார். புதிதாக யாராவது வந்து இறங்கினால் அவருக்கு. யாரும் வராவிட்டால் அது அடுத்தநாள் காலைப் பழஞ்சோறு. தயிரும் சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் விட்டுப் பிசைந்து வட்டமாக இருந்து சாப்பிடுவோம். கட்டில் கொப்பி என் கையில் இருந்ததால் அன்றைக்கு யார் வருகிறார் என்பது எனக்கு முன்கூட்டியே தெரியும். விமான நிலையத்திலிருந்து நள்ளிரவில் வந்து, எந்தப் பக்கம் திரும்புவதென்று தெரியாமல் நிற்கும் பெடியனிடம் சாவியோடு ஒரு கோப்பைச் சோறும் கொடுக்க முடிந்தது, அண்ணை போட்ட அந்த ஒரு சுண்டு அரிசியால்.

வெள்ளிக்கிழமைகளில் புட்டு. அப்போது வெள்ளிதான் விடுமுறை நாள். அண்ணை ஊரிலிருந்து வரும்போது உடுப்புக்கு நடுவில் ஒரு நீத்துப்பெட்டியை வைத்துக் கொண்டுவந்திருந்தார். பனையோலையில் கூம்பாக இழைத்த அந்தப் பெட்டியை அவர் கையாளும் விதம் இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. முதல்நாள் இரவே கோதுமை மாவைத் துணியில் முடிந்து ஆவியில் அவித்து, சூடு ஆறுமுன் உடைத்து, அரித்து வைப்பார். ஊரிலிருந்து வந்த சிவப்பரிசி மா இருந்தால் அதிலும் ஒரு பங்கு சேரும். கொதித்து ஆறவிட்ட நீரை உப்போடு கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து, அகப்பைக் காம்பால் கிளறி, மா திரளத் தொடங்கியதும் அதே அரிசிச் சுண்டைக் கவிழ்த்துப் பிடித்து அதன் விளிம்பால் டக் டக்கென்று கொத்துவார். ஒவ்வொரு கொத்திலும் கட்டி உடைந்து, மா குறுணல் குறுணலாக உதிரும். தேங்காய்ப்பூவைத் தூவிக் கலந்து நீத்துப்பெட்டியில் நிரப்பி, பானை வாயில் செருகி மூடிவிட்டால் சற்று நேரத்தில் ஓலை வாசமும் தேங்காய் வாசமும் ஒன்றாய் எழும்பும். அந்த வாசம் மேல்மாடி வரை போகும். நித்திரை விட்டு எழும்பி, முகம் கழுவாமலே இறங்கி வருவார்கள் பெடியள்.

அந்த வாசத்துக்கு மலப்புரத்துச் சேட்டனும் வருவார். அவருடைய ஊரில் புட்டு மூங்கிலிலோ குழாயிலோ அவியும். கடலைக் கறியோ பழமோ துணை. எங்கள் புட்டுக்கு மீன் குழம்பும் கட்டைச் சம்பலும் முட்டைப் பொரியலும். முதலில் தலையை ஆட்டிச் சிரித்துவிட்டு நின்றார். பிறகு ஒரு தட்டு வாங்கிச் சாப்பிட்டார். அடுத்த வெள்ளி தன் கடலைக் கறிச் சட்டியோடு வந்தார். பெஷாவர் பாய் எங்கள் தெருமுனை ரொட்டிக்கடையில் தந்தூரி அடுப்புக்கு முன்னால் நாள் முழுக்க நிற்பவர். உறைப்பு அவருக்குத் தாங்காது. அவருக்கென்று சொதியை மட்டும் எடுத்து வைப்போம். சூடான ரொட்டியை அதில் தோய்த்துச் சாப்பிட்டுவிட்டுக் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு போவார். அவருடைய மொழி எங்களுக்குத் தெரியாது. விடுதியில் எல்லோருக்கும் பொதுவான அரைகுறை ஹிந்தியில் குடும்ப சுகம் விசாரிக்கும் அளவுக்குப் பழகியிருந்தோம். அது போதுமாக இருந்தது.

ஆனால் அந்தக் குசினியில் எனக்குக் கிடைத்த பெரிய உறவு ஒரு மதவாச்சிக்காரர். வவுனியாவுக்கும் மதவாச்சிக்கும் இடையில் கண்டி வீதியில் 25 கிலோமீற்றர் அளவில்தான் தூரம். யுத்த காலத்தில் அந்த 25 கிலோமீற்றரும் ஒரு கடலாக இருந்தது. கொழும்புக்குப் போகிற எங்கள் ஆட்கள் மதவாச்சிச் சோதனைச் சாவடியில் இறங்கி, பைகளைக் கொட்டிக் காட்டி, வாகனம் மாறிப் போனார்கள். வவுனியாவுக்குள் இருக்கவே பாஸ் எடுக்க வேண்டியிருந்த ஆண்டுகளும் உண்டு. மதவாச்சி என்றால் எனக்கு அந்தச் சாவடியும் பயமும்தான். அங்கே வயல் செய்கிற, குளத்தில் குளிக்கிற, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் வவுனியா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகலாமா என்று யோசிக்கிற மனிதர் இருக்கிறார் என்பதை டுபாயில்தான் நேரில் கண்டேன்.

அவர் பிளம்பர். சந்தையில் பழகிய சிங்களம் எனக்குக் கொஞ்சம் வரும். நான் அவரை 'ஐயே' என்பேன். அவர் என்னை 'மல்லி' என்பார். அவருடைய மனைவி ஊர்க் குளத்து ஜப்பான் மீனைக் கீறி உப்பிட்டுக் காயவைத்து, விடுமுறைக்குப் போய்வரும் யாரிடமாவது கொடுத்தனுப்புவா. முதல்முறை அந்தக் கருவாட்டை அவர் பொரித்தபோது குசினியில் இருந்த வன்னி ஆட்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். கடல் மீனுக்கு இல்லாத, குளத்துச் சேறு லேசாக மணக்கும் அந்தக் கருவாட்டு வாசம் எங்களுடையது. அவர் எங்கள் முகங்களைப் பார்த்தார். ஒரு சொல்லும் பேசாமல் பாதியை எங்கள் சட்டியில் போட்டார்.

அன்றிரவு நெடுநேரம் கதைத்தோம். குளம் வான் பாய்கிற மார்கழி, குளத்துத் தண்ணீரைப் பங்கிட்டு வயலுக்குத் திறந்துவிடும் முறை, வரம்பு கட்டுவது, யானை வந்து மிதித்துப்போன நெல், குரக்கன் மா ரொட்டி, விரால் பிடிக்கிற தூண்டில், சட்டித் தயிர். ஒன்று விடாமல் அவருக்கும் தெரிந்திருந்தது. அவருடைய தம்பி இராணுவத்தில் இருந்து இறந்தவர். முல்லைத்தீவு அண்ணை மூத்த மகனை 2009 இல் இழந்தவர். இரண்டையும் இருவரும் ஒருவருக்கொருவர் சொன்னார்கள். அதன் பிறகு யாரும் யாரையும் தேற்றவில்லை, நியாயமும் பேசவில்லை. மதவாச்சிக்காரர் எழும்பி எல்லோருக்கும் பிளேன்ரீ ஊற்றினார். அந்தத் துக்கங்களை ஒரு கருவாட்டுத் துண்டு ஆற்றிவிடும் என்று நான் சொல்லமாட்டேன். மகனை இழந்தவருக்கு ஊரில் சேரவேண்டிய பதிலும் நியாயமும் வேறு. ஆனால் அந்த இரண்டு மனிதரும் அதற்குப் பிறகு ஒரே அடுப்பில் சமைத்தார்கள். அது நடந்தது, நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

சமையலுக்கு வெளியிலும் சின்னச் சின்ன ஊர்ச் சுகங்கள் இருந்தன. தலையிடி என்றால் யாருடைய தலையணைக்குக் கீழாவது ஒரு சித்தாலேப டப்பா இருக்கும்; தமிழர் சிங்களவர் முஸ்லிம்கள் என்று இலங்கையர் எல்லோரும் அதைத்தான் தேடுவோம். வெள்ளி பின்னேரம் பஸ் ஏறித் தேராவுக்குப் போனால் மலிபன் கிறீம் கிறேக்கரும் ஊர்த் தேயிலையும் வாங்கலாம். கராமாவில் இலங்கைச் சாப்பாட்டுக் கடைகளில் கொத்து ரொட்டி போடுகிற சத்தம் கேட்கும். ஒரு திர்ஹாம் கொடுத்து அப்ரா வள்ளத்தில் கடற்கழியைக் கடந்தால் பர் டுபாய்க் கரையில் அப்போது சிவன் கோயில் இருந்தது. வீபூதி பூசிக்கொண்டு வெளியே வந்து, ஒழுங்கையில் மல்லிகைப்பூ விற்கும் கடைகளைப் பார்த்துக்கொண்டு நிற்பதே மனத்துக்கு ஒரு பெரிய ஓய்வு. வைகாசியில் வற்றாப்பளை கண்ணகி அம்மன் பொங்கல் வந்தால் முல்லைத்தீவு அண்ணை அந்த நாள்களில் மச்சம் தொடமாட்டார். அவருக்காக எங்கள் உலையே சைவமாகிவிடும். கடல்நீரில் விளக்கெரிக்கும் அந்தக் கோயிலின் பொங்கலைப் போனில் பார்த்துக்கொண்டிருப்பார். மலப்புரத்துச் சேட்டன் பக்கத்தில் இருந்து பார்ப்பார். நோன்பு காலத்தில் தொண்டு நிறுவனங்கள் சோனாப்பூருக்குக் கொண்டுவரும் இப்தார் பொதிகளை மதம் கேட்டுக் கொடுப்பதில்லை. நாங்களும் வாங்கி, நோன்பிருந்தவர்கள் பேரீச்சம்பழத்தை வாயில் வைத்த பிறகே சாப்பிட்டோம்.

சோனாப்பூரில் இன்னொரு இடமும் இருக்கிறது. டுபாயில் இறந்துபோகும் வெளிநாட்டவரின் உடலைப் பதப்படுத்தி, பெட்டியில் அடைத்து ஊருக்கு அனுப்பும் நிலையம் அங்கேதான். கேரளத்தைச் சேர்ந்த அஷ்ரப் தாமரசேரி என்பவர் யாருமற்ற இப்படிப்பட்ட உடல்களை ஊர் சேர்ப்பதையே தன் வாழ்நாள் தொண்டாகச் செய்துவருகிறார். எங்கள் விடுதியில் மட்டக்களப்பைச் சேர்ந்த ஒருவர் நித்திரையிலேயே போய்விட்டார். கொப்பியில் அவருடைய கட்டிலுக்கு நேரே என்ன எழுதுவது என்று தெரியாமல் வெறுமனே விட்டேன். அன்று எங்கள் அடுப்பு எரியவில்லை. செத்தவீட்டுக்கு அயலவர் சாப்பாடு கொண்டுவருவது எங்கள் ஊர் வழக்கம். அன்றைக்குப் பின்னேரம் மதவாச்சிக்காரர் பாணும் பருப்பும் கொண்டுவந்தார். பெஷாவர் பாய் காசு வாங்காமல் ரொட்டி அனுப்பினார். சேட்டன் கஞ்சி வைத்தார். எங்களுக்கு அங்கே அயலவர் இருந்தார்கள் என்பது அன்றுதான் எனக்கு முழுதாக விளங்கியது. எல்லா அறைகளிலும் காசு சேர்த்து அவர் வீட்டுக்கு அனுப்பினோம். அவர் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்து வந்தவர் என்பதால் காப்புறுதிப் பணத்துக்கு வீட்டார் விண்ணப்பிக்க முடிந்தது.

2020 மார்ச்சில் விமானங்கள் நின்றன. இலங்கையும் விமான நிலையத்தை மூடியது. வேலை போய், சம்பளம் நின்று, ஊர் போக வழியில்லாமல் கட்டில்களில் ஆட்கள் இருந்தார்கள். குசினியில் ஒரே நேரத்தில் பலர் கூடக் கூடாது என்று கட்டுப்பாடு வந்தது. அப்போது முல்லைத்தீவு அண்ணையின் பழைய கணக்குத்தான் கைகொடுத்தது. தனித்தனி அடுப்பு வேண்டாம், நாலைந்து பேர் முகமூடி போட்டுச் சமைத்து எல்லா அறைக் கதவுகளிலும் வைப்போம் என்று காம்ப் பொஸ்ஸிடம் கேட்டோம், அவர் சம்மதித்தார். இலங்கையர், கேரளத்தவர், தமிழ்நாட்டுக்காரர், நேபாளிகள் எல்லோருடைய அரிசியும் ஒரே உலையில் விழுந்தது. காசு கொடுக்க வழியில்லாதவர் பெயரை யாரும் கேட்கவில்லை. எங்கள் தளத்தில் அந்த மாதங்களில் ஒருவரும் பட்டினி கிடக்கவில்லை.

2021 இல் நான் வவுனியாவுக்குத் திரும்பினேன். மதவாச்சிக்காரரும் ஊரோடு வந்துவிட்டார். அவருடைய மகளின் கல்யாணத்துக்கு நாங்கள் குடும்பத்தோடு போனோம். எங்கள் கோவில்குளத்துத் திருவிழாவுக்கு அவர் வந்தார். பஸ்ஸில் ஒரு மணித்தியாலம்கூட எடுக்காத அந்தத் தூரத்தைக் கடக்க எங்களுக்கு ஒரு கடலும் ஒரு பாலைவனமும் தேவைப்பட்டன. அது எனக்கு இன்றும் வருத்தம்தான். அந்த உறவு இங்கேயே, சந்தையிலும் ஆஸ்பத்திரியிலும் குளக்கட்டிலும் கிடைத்திருக்க வேண்டியது.

வெளிநாட்டில் உழைப்பவர்கள் 2024 இல் இலங்கைக்கு அனுப்பிய பணம் 650 கோடி டொலருக்கும் மேல். நாடு அந்தக் கணக்கை மாதாமாதம் வெளியிடுகிறது. அந்தப் பணத்தை அனுப்பியவர்கள் விடிய மூன்று மணிக்கு எழும்பி எதைச் சமைத்தார்கள், யாரோடு இருந்து சாப்பிட்டார்கள் என்பதை வீட்டார் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். போய் வந்தவரிடம் என்ன கொண்டுவந்தாய் என்று கேட்கிற நாங்கள், அங்கே உன்னைப் பார்த்துக்கொண்டவர்கள் யார் என்றும் கேட்க வேண்டும்.

இந்த ஆண்டும் வவுனியாவிலிருந்து பெடியள் போகிறார்கள். அவர்களை அனுப்பும் தாய் தகப்பனிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. பணியகத்தில் பதியாமல் பிள்ளையை அனுப்பாதீர்கள். வேலை ஒப்பந்தத்தின் பிரதி ஒன்றை வீட்டில் வைத்திருங்கள். சூட்கேசில் தூளும் உழுந்தும் கட்டாயம் கட்டிவிடுங்கள். அதற்கு முன், குறைந்தது ஒரு மாதம் அவனைக் குசினிக்குள் விடுங்கள். சோறு வடிக்கவும், ஒரு பருப்பு வைக்கவும், சம்பல் இடிக்கவும் பழக்குங்கள். அரிசி அளக்கும்போது ஒரு சுண்டு கூடப் போடச் சொல்லிக் கொடுங்கள்.